ஒடுக்குமுறைக் காலத்தில் இறைவாக்கும் காத்திருப்பும்: வெம்பக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு (1799–1939)

ஆய்வுச் சுருக்கம்

இறைவன் தமக்கென ஒரு காலத்தைக் குறித்து வைத்துள்ளான் என்னும் நம்பிக்கை, ஒடுக்கப்பட்ட மக்களின் சமய வாழ்வில் மையமான இடம் பெறுவது. பழைய திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியான வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார் சமூகத்தார் இந்நம்பிக்கையை எவ்வாறு வாழ்ந்து காட்டினர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இறைவனின் காலம் இறந்த காலத்து உரிமையாகவும், எதிர்காலத்து வாக்குறுதியாகவும், நிகழ்காலத்து அடைக்கலமாகவும் மூவகையில் புரிந்துகொள்ளப்பட்டது என்பதையும், காத்திருந்த காலத்தில் உருவான நிறுவனங்களே அந்நம்பிக்கையை நிலைபெறச் செய்தன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 1939இல் கோயிற்கதவு திறந்த முறை, காத்திருப்பின் பொருளையே மாற்றியது என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: வெம்பக்கோட்டை, சிவகாசி, நாடார் உறவின்முறை, மகமை, கோயில் நுழைவு, அய்யாவழி, வடதிருநெல்வேலி கிறித்தவம்.

முன்னுரை

எகிப்திய அடிமைத்தளையிலிருந்து இசுரவேலர் விடுபட்ட கதை, அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாடல்களில் அவர்தம் சொந்தக் கதையாகவே மாறியது. நாற்பதாண்டு பாலைநிலப் பயணமும் வாக்களிக்கப்பட்ட நாடும் அவர்களுக்குப் பழங்கதையாக இல்லை. நாளை நிகழவிருப்பதாக இருந்தன. இத்தகைய நம்பிக்கையை ஆய்வுலகம் பெரும்பாலும் இரு வகையில் மதிப்பிட்டு வந்துள்ளது. துன்பத்தில் மக்களைத் தாங்கி நிறுத்தும் வலிமை அது என்பது ஒரு கருத்து. எதிர்ப்பை ஒத்திப்போடச் செய்து ஒடுக்குவோருக்கே அது துணைபோகிறது என்பது மற்றொரு கருத்து.

இவ்விரு மதிப்பீடுகளும் நம்பிக்கையை ஒரு மனநிலையாக மட்டுமே கொள்கின்றன. இறைவனின் வேளைக்காகக் காத்திருந்தோர் அந்த இடைக்காலத்தில் எதைச் செய்தனர், எதைக் கட்டினர், யாரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டனர், யாரை வெளியே நிறுத்தினர் என்னும் வினாக்கள் இவற்றுள் இடம்பெறுவதில்லை. அவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் வரலாற்றில் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலனிய அரசின் ஆவணங்கள் 'சாணார்' என்னும் சொல்லையே பயன்படுத்தி வந்தன. 1921இல்தான் அரசு 'நாடார்' என்னும் பெயரை ஏற்றது. பெயரை மீட்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாதலால், இக்கட்டுரை முழுவதும் 'நாடார்' என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

வட்டாரமும் ஒடுக்குமுறையின் இயல்பும்

வெம்பக்கோட்டை வைப்பாற்றங்கரையில் அமைந்துள்ள கரிசல் நிலத்து ஊர். இதனை அடுத்த விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 முதல் மேற்கொண்ட அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் பெருமளவில் கிடைத்துள்ளன. கைத்தொழிலும் வணிகமும் இந்நிலத்துக்குப் புதியவை அல்ல என்பதற்கு அவை சான்று. சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி மாவட்டத்தின் வட எல்லையாக இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.

தென்திருநெல்வேலியின் தேரிக்காடுகளில் பனையேறி வாழ்ந்த நாடார்களுள் ஒரு பிரிவினர், வணிகத்தின் பொருட்டு வடக்கு நோக்கி நகர்ந்து சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் நிலைபெற்றனர். பருத்தி, கருப்பட்டி, புகையிலை முதலிய சரக்குகளின் வணிகத்தால் இவர்களிடம் செல்வம் பெருகியது. செல்வம் பெருகிய அளவுக்குச் சமூக மதிப்பு உயரவில்லை. சைவ, வைணவப் பெருங்கோயில்களின் கதவுகள் இவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பல்லக்கு ஊர்வலம் செல்வதும் தகராறுக்கு உள்ளானது.

தெற்கே திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்குமுறை இன்னும் வெளிப்படையாக இருந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. ஆடவர் குடைபிடிப்பதற்கும் செருப்பணிவதற்கும் தடை இருந்தது. தோள்சீலைப் போராட்டம் பல பதின்மங்கள் நீடித்து 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பால் ஓரளவு தீர்வு கண்டது. ஒடுக்குமுறை தெற்கே உடலின் மேலும், வடக்கே கோயில் வாசலிலும் செயற்பட்டது. இந்த வேறுபாடு இறைவனின் காலம் பற்றிய புரிதலிலும் எதிரொலித்தது.

ஒரே தொன்மம், இரு காலங்கள்

நாடார்களின் தோற்றம் குறித்து வழங்கும் தொன்மம் வலங்கைமாலை மரபில் இடம்பெறுவது. பத்திரகாளியால் வளர்க்கப்பெற்ற ஏழு மைந்தரின் வழிவந்தோர் இம்மக்கள் என்பது அதன் சாரம். ஆற்று வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டும்பொருட்டு மண்கூடை சுமக்குமாறு மன்னன் ஆணையிட, அவர்கள் மறுக்கின்றனர். மறுத்தவர் கொல்லப்படுகின்றனர். வெட்டுண்டு நீரில் மிதந்து சென்ற தலையும் கூடையைத் தொடமாட்டேன் என்று கூறியதாகக் கதை தொடர்கிறது. தெய்வத்தின் பிள்ளைகளாயிருந்தும் மன்னனால் தாழ்த்தப்பட்டோர் என்னும் நினைவை இத்தொன்மம் தலைமுறைதோறும் கடத்தியது.

கதை ஒன்றே எனினும், அதனைப் படித்த முறை இடத்துக்கு இடம் மாறியது. வடக்கே வணிக ஊர்களில் இது பழைய உரிமைக்கான சான்றாகப் படிக்கப்பட்டது. பண்டு தாம் ஆண்ட குடியினர், இடையில் அவ்வுரிமை பறிபோனது, உரிய காலத்தில் அது மீளும் என்பது அப்படிப்பின் தருக்கம். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் திருநெல்வேலி நாடார்களைத் தாழ்வாகச் சித்திரித்ததற்கு எழுந்த மறுப்புகளும் இத்தருக்கத்தைக் கூர்மையாக்கின. சத்திரியர் மரபு பேசும் நூல்களும் விண்ணப்பங்களும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடர்ந்து வெளிவந்தன. பூணூல் அணிதல், பல்லக்கு ஊர்வலம், பள்ளிகளுக்குச் 'சத்திரிய' என்னும் அடைமொழி சூட்டுதல் ஆகியவை இதன் நடைமுறை வெளிப்பாடுகள்.

தெற்கே அதே தொன்மம் எதிர்காலத்தை நோக்கித் திரும்பியது. 1833 முதல் 1851இல் மறையும் வரை சாமித்தோப்பை மையமாகக் கொண்டு இயங்கிய அய்யா வைகுண்டரின் இயக்கத்தில், பத்திரகாளி வளர்த்த மைந்தரின் வழிவந்த 'சான்றோர்' இறைவனின் வாக்குறுதியைப் பெற்ற மக்களாக நிறுத்தப்பட்டனர். கலி அழிந்து தருமயுகம் பிறக்கும், அதில் சான்றோர் தாழ்வின்றி வாழ்வர் என்பது அகிலத்திரட்டு அம்மானையின் மையச் செய்தி. இவ்வகையில் கடந்தகால மன்னராட்சியை மீட்பது இலக்கன்று. வரவிருக்கும் யுகத்துக்குத் தகுதியாவதே இலக்கு.

தகுதியாவதற்கான பயிற்சியை வைகுண்டர் உடனே தொடங்கினார். திருவிதாங்கூர் அரசால் சிறைப்படுத்தப்பட்டு விடுதலையான பின், வாகைப்பதியில் துவையல் பந்தி என்னும் கூட்டுவாழ்வுப் பயிற்சி நடந்தது. கடலில் நீராடுதல், உடை துவைத்துத் தூய்மை பேணுதல், பொதுவில் உண்ணுதல் ஆகியவை அதன் ஒழுங்குகள். சாமித்தோப்பு முந்திரிக்கிணற்றில் சாதி வேறுபாடின்றி நீர் எடுக்கப்பட்டது. நிழல்தாங்கல்களில் ஆடவர் தலைப்பாகை அணிந்து வழிபட்டனர். தலைப்பாகைக்குத் தடை இருந்த சமூகத்தில், வழிபாட்டுக்குள் நுழைவோர் அனைவரும் தலைப்பாகை கட்டவேண்டும் என்னும் விதி தருமயுகத்தின் ஒரு மணிப்பொழுதை அன்றே வாழ்ந்து பார்ப்பதாக அமைந்தது.

அடைக்கல ஊர்களும் கிறித்தவக் காத்திருப்பும்

மூன்றாவது வழி கிறித்தவம். தென்திருநெல்வேலியில் கிறித்தவத்தைத் தழுவிய நாடார்கள், நிலவுடைமையாளராலும் அதிகாரிகளாலும் துன்புறுத்தப்பட்டபோது, 1799இல் டேவிட் சுந்தரானந்தத்தின் முயற்சியால் முதலூர் என்னும் ஊர் நிறுவப்பட்டது. துரத்தப்பட்டோர் தங்கி வாழ்வதற்கென்றே நிலம் வாங்கி அமைத்த ஊர் அது. ரேனியஸ் 1830இல் தொடங்கிய தருமசங்கம், புதுக்கிறித்தவர்களுக்கு நிலமும் மனையும் வாங்கித் தரும் பணியை விரிவாக்கியது. விடுதலையின் காலம் எப்போது வரும் என்னும் வினாவுக்கு இவ்வூர்கள் ஓர் இடத்தை விடையாகத் தந்தன. இறைவனின் வாக்குறுதி நில ஆவணமாகவும் கிணறாகவும் பள்ளிக்கூடமாகவும் கண்முன் நின்றது.

வெம்பக்கோட்டையை உள்ளடக்கிய வடபகுதியில் நிலைமை வேறு. திருச்சபைத் தொண்டுச் சங்கம் எனப்படும் சி.எம்.எஸ். அமைப்பின் சார்பில் தாமஸ் ராக்லண்டு 1854இல் வடதிருநெல்வேலி ஊர்வலப் பணியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் கல்லூரி உறுப்பினராயிருந்த இவர், டேவிட் ஃபென், மெடோஸ் ஆகியோருடன் ஊர் ஊராகக் கூடாரமிட்டுப் போதித்தார். தெற்கில் நிகழ்ந்தது போன்ற பெருந்திரள் மதமாற்றம் இங்கு உடனே நிகழவில்லை. 1858 அக்டோபரில் ராக்லண்டு சிவகாசியில் இறந்தார். விளைச்சலைக் காணாமலே விதைத்துப் போதல் என்னும் நோக்கில் அவருடைய வாழ்வு பின்னாளில் எழுதப்பட்டது. டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் அவரைப் பற்றி நூலே எழுதினார்.

வாக்குறுதியின் நிறைவேற்றத்துக்குக் காத்திருத்தல் இங்கு முதலில் போதகரின் பண்பாக விளங்கியது. அதனை உள்ளூர் மக்களின் சொந்த இயக்கமாக மாற்றியவர் ஜான் அருளப்பன் (1810–1867). ரேனியஸிடம் பயின்று, அந்தோணி நாரிஸ் குரோவ்ஸுடன் பழகிய இவர், 1840இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். வெளிநாட்டுச் சங்கத்தின் ஊதியத்தை நம்பாமல் உழவு செய்தும் கைத்தொழில் செய்தும் ஊழியம் புரிதல் இவருடைய கொள்கை. 1860இல் இவரைச் சூழ்ந்த சபைகளில் எழுந்த எழுப்புதலில், கிறித்துவின் இரண்டாம் வருகை அண்மையில் உள்ளது என்னும் எதிர்பார்ப்பு வலுவாக இருந்தது. எழுத்தறிவற்ற எளியோரும் பெண்களும் இதில் பங்கேற்றனர்.

இரண்டாம் வருகை நிகழவில்லை. ஆயினும் இறைவனின் காலத்தை அறிவிக்கும் உரிமை மிஷனரிக்கு மட்டும் உரியதன்று என்னும் எண்ணம் தங்கிவிட்டது. ஊதியத்தை மறுத்த ஊழியம், மிஷனரி நிறுவனத்தின் சார்பிலிருந்து விடுபட்ட ஒரு தமிழ்க் கிறித்தவத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சாத்தியமாக்கியது. எதிர்பார்த்த நாள் வராவிட்டாலும் எதிர்பார்த்தோரின் நிலை மாறியிருந்தது.

மகமையும் பிடியரிசியும்

வடக்கு வணிக ஊர்களின் இந்து நாடார்கள், பெருங்கோயிலின் கதவு திறக்கும் வரை தம் தெய்வங்களைத் தாமே பேணினர். சிவகாசியில் பத்திரகாளியம்மன் கோயிலும் விருதுநகரில் மாரியம்மன் கோயிலும் உறவின்முறையின் பொறுப்பில் வளர்ந்தன. உறவின்முறை என்பது ஊரிலுள்ள நாடார் குடும்பத் தலைவர்களின் மன்றம். அது வழக்குத் தீர்த்தது, விழா நடத்தியது, பொதுநிதியைக் காத்தது.

அந்நிதியே மகமை. வணிகர் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் குறிப்பிட்ட சிறு தொகையை ஒதுக்கிப் பொதுநிதிக்குச் செலுத்துவது வழக்கம். தொடக்கத்தில் வழிப்பயணப் பாதுகாப்பே இதன் தேவையாக இருந்தது. சரக்கு வண்டிகள் இரவில் தங்கிச் செல்ல மதில்சூழ்ந்த பேட்டைகள் கட்டப்பட்டன. காவல் உரிமை பிறர் கையிலிருந்த காலத்தில், பேட்டை வணிகரின் சொந்தக் காவலாயிற்று. பின்னர் மகமையிலிருந்து கோயில், கிணறு, சத்திரம், பள்ளி என ஒவ்வொன்றாக எழுந்தன. 1969இல் வெளிவந்த ராபர்ட் ஹார்ட்கிரேவின் ஆய்வும், 1996இல் வெளிவந்த டென்னிஸ் டெம்பிள்மேனின் ஆய்வும் இந்நிறுவனங்களை அரசியல், பொருளியல் நோக்கில் விரிவாக விளக்கியுள்ளன. அவற்றைச் சமயக் காலவுணர்வின் நோக்கிலும் காண இடமுண்டு.

1880களில் அருப்புக்கோட்டை, விருதுநகர் ஆகிய ஊர்களில் மகமை நிதியால் பள்ளிகள் எழுந்தன. விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலைக்குப் பிடியரிசி என்னும் முறையும் துணைநின்றது. வீட்டில் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததைப் பள்ளிக்குக் கொடுப்பது அம்முறை. மகமை ஆண்களின் கடைக்கணக்கில் சேர்ந்தது. பிடியரிசி பெண்களின் அடுப்படியில் சேர்ந்தது. உறவின்முறை மன்றத்தில் இடமில்லாத பெண்கள் இவ்வழியாகவே பொதுக்காரியத்தில் நாள்தோறும் பங்கேற்றனர்.

இவ்வழக்கத்தின் காலஅளவு கருதத்தக்கது. நேர்ச்சைக்கு முடிந்துவைக்கும் காசு, வேண்டுதல் நிறைவேறும் நாளை எதிர்பார்த்துக் கிடக்கும். பிடியரிசியோ வாரந்தோறும் வெளியேறிப் பிள்ளைகளின் படிப்பாக மாறியது. இறைவனின் வேளை வரும் வரை பொறுத்திருத்தல் என்னும் பண்பு, இங்கு எண்ணத்தக்க, அளக்கத்தக்க செயலாயிற்று. இப்பள்ளியில் பயின்ற காமராசர் பின்னாளில் முதலமைச்சராகி 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு சாதியின் அடுப்படி வழக்கமாயிருந்த கொடை மாநிலத்தின் பொதுக்கொள்கையாக விரிந்தது எனலாம்.

1899: பொறுமை உடைந்த ஆண்டு

1870களிலிருந்தே நாடார்கள் பெருங்கோயில்களில் நுழைய முயன்று வந்தனர். 1897 மே மாதம் கமுதியிலுள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சிலர் நுழைந்து வழிபட்டனர். அக்கோயில் இராமநாதபுரம் சேதுபதியின் பொறுப்பில் இருந்தது. பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். கோயில் தீட்டுப்பட்டதாகவும் அதனைப் புனிதப்படுத்தும் செலவைத் தரவேண்டும் எனவும் வழக்கு கோரியது.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் சிவகாசி விசுவநாதர் கோயிலைக் குறித்த பூசலும் முற்றியது. 1899 ஏப்ரலில் மோதலும் தீவைப்பும் நிகழ்ந்தன. ஜூன் 6ஆம் நாள் திரண்டுவந்த மறவர்களும் பிறரும் சிவகாசியைத் தாக்கினர். ஊரார் எதிர்த்து நின்று அவர்களைத் திருப்பியனுப்பினர். கலவரம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குப் பரவியது. படை வரவழைக்கப்பட்ட பின்னரே ஜூலையில் அது அடங்கியது. உயிரிழப்பும் கொள்ளையும் பரவலாக நேர்ந்தன. இரு தரப்பும் வன்முறையில் ஈடுபட்டன என்பதையும், கோயிலுரிமையின் பெயரால் நேர்ந்த இழப்பைச் சிற்றூர்களின் எளிய குடும்பங்களே அதிகம் சுமந்தன என்பதையும் வரலாறு மறைப்பதற்கில்லை.

இவ்வாண்டு காத்திருப்பு பலவாறாகப் பிரிந்தது. ஊரைவிட்டு ஓடியோர் இருந்தனர். இசுலாத்தைத் தழுவியோரும் கிறித்தவத்தைத் தழுவியோரும் இருந்தனர். பெரும்பாலோர் நீதிமன்றத்தை நம்பி இருந்தனர். 1899 ஜூலையில் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்று, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அங்கும் தோற்றது.

தோல்வியின் காரணம் இக்கட்டுரையின் வாதத்துக்கு முதன்மையானது. நீதிமன்றங்கள் கேட்ட வினா, இச்சமூகத்தார் இக்கோயிலில் நுழைந்து வழிபடும் வழக்கம் முன்பு இருந்ததா என்பதே. நாடார் தரப்பும் அவ்வினாவை ஏற்றுக்கொண்டு, தாம் பண்டைய சத்திரியர் எனவும் தம் உரிமை பழையது எனவும் வாதிட்டது. மனிதர் எவரும் இறைவன் முன் சமம் என்னும் வாதம் அவ்வழக்கின் அடித்தளமாக அமையவில்லை. தமக்குக் கீழாகக் கருதப்பட்ட மக்களுக்கும் வாசல் திறக்கவேண்டும் என்று அது கோரவில்லை. பழமையைச் சான்றாகக் காட்டும் களத்தில், பழமையைத் தம் உடைமையாகக் கொண்டோரே வென்றனர். பத்திரகாளியின் வாக்குறுதியை இறந்த காலத்து உரிமைப் பத்திரமாகப் படித்த படிப்பு 1908இல் முட்டுச்சந்தை அடைந்தது.

எனினும் தீர்ப்பு அச்சமூகத்தை உடைக்கவில்லை. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. கல்விக்கடனும் கூட்டுறவும் வங்கியும் தொடர்ந்தன. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியது. வழக்கில் தோற்றபோதும் நிறுவனங்கள் நின்றதால், நம்பிக்கை ஒரு தீர்ப்போடு முடிந்துபோகவில்லை.

காத்திருப்பின் மீது எழுந்த வினா

இதே வட்டாரத்தில், இறைவனின் காலத்துக்குக் காத்திருத்தல் என்னும் எண்ணமே நேரடியான கேள்விக்கும் உள்ளானது. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாநில மாநாடு 1929இல் செங்கற்பட்டில் நடந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். மூன்றாம் மாநாடு 1931இல் விருதுநகரிலேயே கூடியது. கோயிலுக்கு வெளியே நிற்கவைத்த கடவுளிடமே விடுதலையை எதிர்பார்ப்பது முரண் என்பது அவ்வியக்கத்தின் நிலைப்பாடு. வினைப்பயன், விதி, காலம் ஆகிய சொற்கள் அடிமைத்தனத்தை இயல்பாக்குகின்றன என்று அது வாதிட்டது.

சௌந்தரபாண்டியன் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் இரத்தாகும் என ஆணை பிறப்பித்தார். கமுதி வழக்கில் கேட்கப்படாத உரிமை இங்குக் கேட்கப்பட்டது. தனக்கு மறுக்கப்பட்டதைத் தனக்குக் கீழே நிறுத்தப்பட்டோருக்கும் உறுதிசெய்யும் செயல் இது. நம்பிக்கையாளர் செய்யத் தவறியதை நம்பிக்கையை மறுத்த இயக்கத்தார் செய்தனர் என்பது இவ்வரலாற்றின் கூரிய பாடம்.

இவ்விமர்சனத்தின் வலிமையை ஏற்கும்போதே அதன் எல்லையையும் சுட்டவேண்டும். மகமையும் துவையல் பந்தியும் அடைக்கல ஊரும் செயலின்மையின் விளைவுகள் அல்ல. 'காலம் வரும்' என்னும் சொல்லை யார் யாரிடம் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது. ஒடுக்கப்பட்டோர் தமக்குள் சொல்லிக்கொள்ளும்போது அது உறுதிமொழி. வலியவர் எளியவரிடம் சொல்லும்போது அது தவணை. கோயில் வாசலில் நாடார்கள் கேட்ட தவணைச் சொல்லை, பள்ளரும் பறையரும் அருந்ததியரும் பிறர் எல்லோரிடமிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தனர்.

1939: திறந்த கதவு

1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு கோயில் நுழைவு அறிவிப்பை வெளியிட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாதய்யர் தலைமையில் ஆதிதிராவிடர் ஐவரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். இராஜாஜி தலைமையிலான அரசு இதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் கோயில் நுழைவை உரிமையாக்கியது.

சிவகாசிக் கலவரம் நிகழ்ந்து சரியாக நாற்பதாண்டுகளுக்குப் பின் கதவு திறந்தது. விவிலியம் பயின்றோர் இவ்வெண்ணில் பாலைநிலப் பயணத்தைக் காணக்கூடும். எண்ணைவிட, நுழைந்த முறையே பொருள் மிக்கது. நாடார் ஒருவர் நுழைந்தது பண்டைய சத்திரியர் என்னும் தகுதியால் அன்று. 1897இல் தம்மிடமிருந்து வேறுபடுத்திக் காட்ட முயன்ற மக்களோடு சேர்ந்தே, அவர்களுக்கும் உரிய அதே உரிமையால் நுழைந்தார். காத்திருந்தது நிறைவேறியது, காத்திருந்த வடிவில் நிறைவேறவில்லை.

வைகுண்டரின் முந்திரிக்கிணற்றில் நூறாண்டுகளுக்கு முன்பே இம்முடிவின் குறிப்பு இருந்தது. சாதி பாராமல் நீர் எடுத்த கிணறு, வரவிருக்கும் காலத்தில் யார் யாருக்கு இடமுண்டு என்பதை முன்கூட்டியே காட்டியிருந்தது. தன் காத்திருப்புக்குள் பிறரையும் சேர்த்துக்கொண்ட நம்பிக்கையே வரலாறு சென்ற திசையைச் சரியாக உணர்ந்தது.

முடிவுரை

வெம்பக்கோட்டை வட்டாரத்தின் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, இறைவனின் காலம் என்னும் கருத்து ஒரே பொருளுடையதன்று. வணிக ஊர்களில் அது மீளவேண்டிய பழைய உரிமை. சாமித்தோப்பில் அது பிறக்கவிருக்கும் யுகம். முதலூரிலும் கிறிஸ்தியான்பேட்டையிலும் அது இன்றே குடியேறத்தக்க ஓர் ஊர். இரண்டாவது, நம்பிக்கை நீடித்ததற்குக் காரணம் அதன் உறுதிப்பாடு மட்டுமன்று. காத்திருந்த நாள்களில் அது உணவும் பள்ளியும் பாதுகாப்பும் தந்தது. ராக்லண்டின் மறைவும், இரண்டாம் வருகையின் தாமதமும், பிரிவி கவுன்சில் தீர்ப்பும் நம்பிக்கையாளரைக் கலைக்கவில்லை என்றால், அதற்கு அவர்கள் கட்டியவை சான்று. மூன்றாவது, தனக்கு மட்டும் வாசல் திறக்கவேண்டும் என்னும் காத்திருப்பு நீதிமன்றத்தில் தோற்றது. அனைவருக்கும் திறக்கவேண்டும் என்னும் கோரிக்கை சட்டமாயிற்று.

இம்மூன்றாம் முடிவு இவ்வட்டாரத்தின் பிற்கால வரலாற்றுக்கும் பொருந்தும். வெம்பக்கோட்டையைச் சூழ்ந்த தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்கூடங்களில் உழைத்த சிறார்களின் நிலை குறித்து உச்சநீதிமன்றம் 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்பளித்து, பணியமர்த்தியோர் ஒவ்வொரு சிறாருக்கும் 20,000 ரூபாய் இழப்பீட்டு நிதிக்குச் செலுத்தவேண்டும் என ஆணையிட்டது. ஒரு தலைமுறை பிடியரிசியால் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய மண்ணில், மற்றொரு தலைமுறையின் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நின்றனர். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நேர்ந்த பெருவிபத்துக்குப் பின்னும் பட்டாசு ஆலை விபத்துகள் ஓயவில்லை. அத்தொழிலாளரின் குலசாமிக் கோயில்களிலும் தேவாலயங்களிலும் செய்யப்படும் வேண்டுதல்கள், அவர்களிடையே எத்தகைய பொதுநிதியாக, எத்தகைய அமைப்பாக உருப்பெறுகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. இவ்வட்டாரத்தின் முந்தைய நூற்றாண்டு அவ்வாய்வுக்கு ஓர் அளவுகோலைத் தந்துள்ளது: வாக்குறுதியை நம்புவோர் அது நிறைவேறும் நாளுக்கு முன் ஒருவருக்கொருவர் எதைக் கொடுத்துக்கொள்கின்றனர் என்பதே அது.